சம்புடக் கணக்கு

ஏப்ரல் ஒன்று.
சிரிக்காதீர்கள், கணக்கருக்கு அதுதான் வருஷப் பிறப்பு.
பேரேட்டில் புதுப் பக்கம் திறந்து தலைப்பு எழுதினேன்:
"சம்புடம், வெளியில்."
விற்றதில்லை. சும்மா கொடுத்ததும் இல்லை.
எங்கள் பொருள்தான், எங்கள் கட்டடத்தில் இல்லை.
தணிக்கைக்கு வந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"இது சொத்தா, ஆசையா?" என்றார்.

கோட்டையூர் ரோட்டில் எங்கள் பலகாரக் கம்பெனி.
தேன்குழலும் மணகோலமும் சீப்புச் சீடையும்
போன வருஷம்வரை பிளாஸ்டிக் டப்பாவில் போயின.
தின்றது செரித்தது. டப்பா செரிக்கவில்லை.
கண்மாய்க் கரையில் ஒரு மாடு
எங்கள் லேபிளை மென்றுகொண்டு நின்றதை
முதலாளி உண்ணாமலை காரிலிருந்து பார்த்தார்.
மறுநாள் யாரிடமும் பேசவில்லை.
அதற்கடுத்த நாள்
ஆயிரத்து இருநூறு எவர்சில்வர் சம்புடத்துக்கு ஆர்டர்.
ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் பொறித்தோம்.
முன்பணம் ஐம்பது ரூபாய், திருப்பித் தந்தால் வாபஸ்.

ஆடி முடிவதற்குள் எல்லாம் போய்விட்டது.
திரும்பி வந்தது இருநூற்றுப் பதினேழு.

விற்பனை மேலாளர் காசிராமன்
"அடியில் ஓட்டை போடுவோம்" என்றார்,
"அழகாயிருப்பதால்தானே வைத்துக்கொள்கிறார்கள்?"
வேன் ஓட்டும் சவரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:
"நம்ம சம்புடத்தில் ஒரு வீட்டில் மிளகாய்த்தூள் இருக்கு சார்.
ஒரு வீட்டில் வீட்டுப் பத்திரமே இருக்கு.
ஐம்பது ரூபாய்க்கு எவர்சில்வர்
நான்கூட ஒண்ணு எடுத்துக்கிட்டேன்."

அன்று ராத்திரி கணக்கைத் திருப்பிப் போட்டேன்.
போகும்போது நிறைந்து போகிற வேன்
திருச்சியிலிருந்து காற்றை ஏற்றிக்கொண்டு வருகிறது.
காற்றுக்கும் டீசல் அதே டீசல்தான்.
கடைக்காரனுக்கு வெற்றுச் சம்புடத்துக்கு மூன்று ரூபாய் என்றேன்.
முன்பணம் நூற்றைம்பது.
சம்புடத்தைக் கொண்டுவந்து மறுபடி நிரப்பினால்
பலகாரத்தில் பத்து ரூபாய் தள்ளுபடி.
உண்ணாமலை கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார்,
தலையாட்டவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார்.

ஐப்பசியில் வரத் தொடங்கின.
நசுங்கியது, மூடி மாறியது,
ஊறுகாய் நாற்றம் எத்தனை கழுவலுக்கும் போகாதது.
கழுவும் கொட்டகையில் இருளாயி
நானூற்றுப் பதினேழாம் நம்பரைத் திறந்து
என்னைக் கூப்பிட்டாள்.
உள்ளே மடித்த சீட்டு, பால்பாயிண்ட் எழுத்து:
"சீடையில் உப்பு தூக்கல். ரெண்டாவது தடவை சொல்கிறேன்."
முதல் தடவை எந்த டப்பாவிடம் சொன்னாரோ.
பத்து வருஷத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும்
எங்களுக்குப் பதில் கொண்டுவந்ததில்லை.
அடுப்படியில் அன்றே உப்பைக் குறைத்தார்கள்.
காசிராமன் அந்தச் சீட்டை
சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

டப்பா சப்ளை செய்த கம்பெனிக்காரர்
போனில் திட்டினார், நியாயமாகத்தான்.
அவருக்கும் சம்பளம் தரவேண்டிய ஆட்கள் உண்டு.
அதற்கு என்னிடம் பத்தி இல்லை.

மார்ச் முப்பத்தொன்று. ஐந்தொகை.
முந்நூற்று எண்பத்தொன்பது சம்புடம் வரவே இல்லை.
"வாராக்கடனில் தள்ளுங்கள்" என்கிறார் தணிக்கையாளர்.
தள்ளலாம். சட்டம் அப்படித்தான்.
ஆனால் அவை குப்பையில் இல்லை என்பதற்கு
எந்த வவுச்சரை நான் ஒட்டுவது?
எங்கோ மிளகாய்த்தூளையும் பத்திரத்தையும் காத்துக்கொண்டு
எங்கள் நட்டம் வேலை செய்துகொண்டிருக்கிறது.
மையில் தள்ளினேன்.
ஓரத்தில் பென்சிலால் நம்பர்களை எழுதி வைத்தேன்.

இப்போது மணி பத்து.
ரயில்வே கேட் தாண்டும்போதே வேன் சத்தம் கேட்கிறது,
ஒன்றோடொன்று மோதும் வெற்றுச் சம்புடங்கள்.
சத்தத்தை வைத்தே எண்ணுவேன் என்று பந்தயம் கட்டினேன்.
நாற்பது என்றேன்.

முப்பத்தெட்டு.
சவரிமுத்துவுக்கு ஒரு டீ.